கட்டை அடுக்கும் கணக்கு

சாத்தூர் வட்டாரத்துத் தீப்பெட்டி ஒன்றை எடுத்து முதலில் பாகம் பாகமாகப் பிரியுங்கள். மேல்பெட்டி, அடிப்பெட்டி, குச்சி, குச்சித் தலையில் மருந்து, பக்கவாட்டில் உரசும் பட்டை. பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் குச்சியில் இருக்கின்றன. சிவப்புப் பாஸ்பரஸ் பட்டையில். உரசினால்தான் தீ.

அடுத்து, எந்தப் பாகத்தை யார் செய்கிறார்கள் என்று பாருங்கள். பெட்டி ஒட்ட அளவு தெரிந்தால் போதும், மருந்தின் சேர்மானம் தெரிய வேண்டியதில்லை. அதனால்தான் பெட்டிக்கான மரச் சக்கையும் பசையும் வீடுகளுக்குப் போயின, எண்ணிக்கைக்குக் கூலி. (யார் ஒட்டுகிறார்கள் என்று ஆலைக்குத் தெரியாது என்பதால் பிள்ளைகளின் விரல்களும் இதில் ஒளிந்திருந்தன. சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996-இல்.) காடி வெட்டிய சட்டங்களில் குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் நிறுத்தி இறுக்குவது ‘கட்டை அடுக்குவது’. யார் அடுக்கினாலும் முனைகள் ஒரே மட்டத்தில் வந்தால் மருந்தில் முக்குபவருக்குப் போதும். மட்டம் பிசகினால் ஒரு குச்சிக்குத் தலை பெருத்துவிடும், பக்கத்துக் குச்சி மொட்டையாக நிற்கும்.

பிறகு பிரிக்க முடியாத இடத்தைத் தேடுங்கள். மருந்து கலப்பது, மெழுகிலும் மருந்திலும் முக்குவது, உலர்த்துவது ஆகியவை ஆலைக்குள்ளேயே நின்றன. தீப்பிடிக்கும் பயம் ஒரு காரணம். மருந்துப் பசையின் பதம், காற்றின் ஈரம், உலரும் நேரம் மூன்றும் ஒன்றையொன்று இழுப்பது இன்னொன்று. இந்த வேலைகளைச் செய்பவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தே ஆக வேண்டும்.

1968-இல் கணினி அறிஞர் மெல்வின் கான்வே, ஒரு நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்களோ அந்த அமைப்பே அது வடிவமைக்கும் பொருளிலும் பதியும் என்று எழுதினார். தீப்பெட்டியில் இந்தப் பாதை எதிர்த்திசையிலும், பொருளின் அமைப்பிலிருந்து வேலையின் அமைப்புக்கு, ஓடியது என்பது என் கணிப்பு. 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்ற, சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் ஜெர்மனி இயந்திரங்களோடுதான் தொடங்கினார்கள். பிறகு தொழில் கைவேலைக்கு மாறியது. தீப்பெட்டி தனித்தனிப் பாகங்களாகப் பிரியக்கூடியதாக இருந்ததால்தான் வேலையை ஊர் ஊராகப் பிரிக்க முடிந்தது.

கடைசியாக, இயந்திரத்தைக் கொண்டுவந்து பாருங்கள். கையால் குச்சி அடைப்பவர் கோணல் பெட்டியை விரலால் நீவிச் சரிசெய்துகொள்வார். அடைக்கும் இயந்திரம் நின்றுவிடும். ஆக, அடைப்பதை இயந்திரத்திடம் விட்டால் பெட்டி ஒட்டுவதையும் வீட்டிலிருந்து எடுத்து, அளவு மாறாத அட்டைப்பெட்டிக்குப் போக வேண்டியிருக்கும். முழு இயந்திர ஆலையில் குச்சி செருகுவது முதல் உலர்வது வரை ஒரே ஓட்டம். கை மாற்றக் கட்டையும் இல்லை, அடுக்க ஆளும் இல்லை.