கட்சால் தீவும் ரூத்தின் கதையும்

பெண்ணிய இறையியல் என்றதும், அஃது ஆடவரை எதிர்த்து எழுந்த கூச்சல் என்று எண்ணுவோர் நம்மிடையே உளர். உண்மை அதுவன்று. மறைநூலுக்கு இதுகாறும் பொருள் கூறியவர் யார், வாய்மூடிக் கேட்டிருந்தவர் யார் என்ற வினாவே அதன் தொடக்கம். அவ்வினா வீண்போகவில்லை. 1947-இல் தோன்றிய தென்னிந்தியத் திருச்சபை, 2013-இல் புஷ்பலலிதா அம்மையாரைத் தன் முதற் பெண் பேராயராக ஏற்றது.

நிற்க. 'பெண்கள்' என்று பொதுப்படச் சொல்லிவிட்டால் போதுமா? போதாது என்பதற்கு நான் கட்சால் தீவைச் சான்று காட்டுவேன்.

நிக்கோபார்த் தீவுகளுள் ஒன்று கட்சால். அதன் பழங்குடிகள் நிக்கோபாரியர். அவர்களுள் பெரும்பாலோர் கிறித்தவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய தமிழ்க் குடும்பங்கள் சில, அங்குள்ள இரப்பர்த் தோட்டத்தில் குடியமர்த்தப்பட்டன. 2004 டிசம்பர் 26 அன்று எழுந்த ஆழிப்பேரலை அத்தீவு மக்களுள் பலரை வாரிச் சென்றது.

இத்தீவில் இரு குலத்து இளம்பெண்களும் கூடியமர்ந்து, ரூத்தின் கதையைப் படிப்பதாக வைத்துக்கொள்வோம். மோவாபு நாட்டு ரூத், கணவனை இழந்தபின் மாமி நகோமியைப் பிரியாமல் பெத்லகேம் வந்து, பிறர் வயலில் கதிர் பொறுக்கிப் பிழைக்கிறாள். மற்றொரு மருமகளாகிய ஓர்பாளோ தாய்வீடு திரும்புகிறாள். பிரசங்கிமார் ரூத்தைப் புகழ்வர், ஓர்பாளை மறந்துவிடுவர்.

இரப்பர் மரத்தில் பால் வெட்டிய தாயின் மகள், இக்கதையில் தன் குடும்பத்தையே காண்பாள். நாடுவிட்டு நாடு வந்து, பிறர் மண்ணில் கூலி செய்து நிமிர்ந்த கதையல்லவா அது? நிக்கோபாரியப் பெண்ணோ, "வந்தவர் மரம் நட்ட நிலம் யாருடையது? பிறந்த மண்ணை விட்டவள்தான் நல்லவளா?" என்று கேட்கக்கூடும். மணமகன் பெண்வீடு சேர்வதும் அவள் மரபில் உண்டு. ஆதலின் தாய்வீடு திரும்பியவள் அவளுக்குக் குற்றவாளியாகத் தோன்றமாட்டாள். லாரா டொனால்ட்சன் என்ற அறிஞர், அமெரிக்கப் பூர்வகுடிகளின் கண்கொண்டு இக்கதையைப் படித்து, 1999-இல் ஓர்பாளையே பாராட்டி எழுதினார்.

இருவரும் பெண்கள், படிப்பதும் ஒரே நூல். ஆயினும் ஒருத்திக்கு ஆறுதல் தரும் கதை மற்றவளின் காயத்தைத் தொடுகிறது. இதனை மறைத்துப் பெறும் ஒற்றுமை, வலியவள் குரலுக்கு எளியவள் தலையாட்டுவதாகவே முடியும்.

தமிழராகிய நமக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. கார் நிக்கோபாரில் நற்செய்தி பரப்பியவர் வேதப்பன் சாலமோன் என்ற தமிழர். அவரிடம் பயின்ற ஜான் ரிச்சர்ட்சன் பின்னாளில் பேராயரானார். அப்பெருமை நமக்குரியதே. ஆனால் என்றும் நாமே ஆசிரியர் என்ற நினைப்போடு அமர்ந்தால், நிக்கோபாரியத் தங்கையின் வினா நம் செவியில் விழாது.

தோழியரே! நம் வளாகத்து மாணவியர் ஐக்கியத்திலும் ஊரும் சாதியும் மொழியும் வேறுபட்டோர் இருக்கின்றோம். யார் மொழியில் பாடுகிறோம், யார் வேதபாடம் நடத்துகிறார், கூட்டம் முடிந்தபின் யார் தேநீர்க் கோப்பைகளைக் கழுவுகிறார் என்று எண்ணிப் பாருங்கள். இம்மூன்றுக்கும் நேர்மையாக விடை காண்பதே, என் கருத்தில், பெண்ணிய இறையியலின் முதற் பாடம்.