ரூபாய்க்கு உருவம் கொடுத்த பவாய் மாணவர்
அமைச்சரவை ஏற்ற ஒரு கோட்டுருவமும் அதற்குப் பின்னிருந்த எழுத்துப் படிப்பும்

புது தில்லி: தமிழக அரசின் 2025-26 நிதிநிலை அறிக்கைக்கான இலச்சினையில் ரூபாய்க் குறியீட்டுக்குப் பதிலாகத் தமிழ் எழுத்தான 'ரூ' இடம்பெற்றபோது, தலைநகரில் பெரும் விவாதம் மூண்டது. 2010-இல் மத்தியக் கூட்டணி ஆட்சியில் அங்கம் வகித்த திமுக அப்போதே ஏன் எதிர்க்கவில்லை என்று மத்திய நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் வினவினார். மொழிக் கொள்கையில் தமிழகம் கொண்டுள்ள உறுதியைக் காட்டவே 'ரூ' வைக்கப்பட்டது என்று முதல்வர் மு.க. ஸ்டாலின் விளக்கமளித்தார்.

இரு தரப்பினரும் வாதிட்ட குறியீட்டை வரைந்தவர் ஒரு தமிழர் என்பதும், வரைந்தபோது அவர் ஓர் ஆராய்ச்சி மாணவர் என்பதும் அந்தப் பரபரப்பில் ஓரிரு வரிச் செய்தியாகவே கடந்து சென்றன.

கட்டடத்திலிருந்து எழுத்துக்கு

கள்ளக்குறிச்சியில் 1978 அக்டோபரில் பிறந்தவர் த. உதயகுமார். தந்தை ந. தர்மலிங்கம், 1971-இல் ரிஷிவந்தியம் தொகுதியிலிருந்து திமுக சார்பில் சட்டப்பேரவைக்குத் தேர்வானவர். மகன் அரசியல் பக்கம் செல்லவில்லை. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டடக் கலை பயின்று 2001-இல் பட்டம் பெற்றார். பின்னர் மும்பை பவாயில் உள்ள ஐஐடி-யின் தொழில்சார் வடிவமைப்பு மையத்தில் சேர்ந்தார்.

1969-இல் தொடங்கப்பட்ட அந்த மையத்துக்கு எழுத்துக் கலையில் தனி மரபு உண்டு. கணினிகளில் பரவலாகப் புழங்கும் 'மங்கள்' என்ற தேவநாகரி எழுத்துருவை வடிவமைத்த ஆர்.கே. ஜோஷி பயிற்றுவித்த இடம் அது. அங்கு 2003-இல் முதுநிலைப் பட்டம் பெற்ற உதயகுமார், படிப்பின்போது 'பராசக்தி' என்ற தமிழ் எழுத்துருவை உருவாக்கினார். முனைவர் பட்ட ஆய்வுக்கும் தமிழ் எழுத்துருவியலையே தேர்ந்துகொண்டார்.

தமிழ் எழுத்துருவாக்கம் எளிய பணியன்று. ஆகார, இகர வரிசைகளில் ஒரு குறியைச் சேர்த்தால் பெரும்பாலும் எழுத்து அமைந்துவிடும். உகர, ஊகார வரிசைகளில் அப்படியில்லை. 'கு', 'சு', 'து', 'ரு' என ஒவ்வொன்றும் வேறொரு வளைவைக் கேட்கிறது. அவ்விரு வரிசைகளின் 36 எழுத்துகளையும் வடிவமைப்பாளர் ஏறக்குறைய தனித்தனியாகவே வரைந்தாக வேண்டும். உதயகுமார் பிறந்த அதே மாதத்தில் எம்ஜிஆர் அரசு வெளியிட்ட எழுத்துச் சீர்திருத்த ஆணையும் இவ்வரிசைகளைத் தொடவில்லை. இலச்சினையில் இடம்பெற்ற 'ரூ' அவற்றுள் ஒன்று.

3,331 வடிவங்களில் ஒன்று

டாலர், பவுண்டு, யென், யூரோ ஆகியவற்றுக்குத் தனிக் குறியீடு உண்டு. இந்திய ரூபாயோ ஆங்கிலச் சுருக்கெழுத்திலேயே குறிக்கப்பட்டு வந்தது. பாகிஸ்தான், இலங்கை, நேபாள ரூபாய்களுக்கும் அதே சுருக்கம்தான். எனவே 2009-இல் மத்திய நிதியமைச்சகம் பொதுப் போட்டி அறிவித்தது. வந்து சேர்ந்த 3,331 வடிவங்களில் 5 இறுதிச் சுற்றை எட்டின. 2010 பிப்ரவரி நிதிநிலை உரையில் பிரணாப் முகர்ஜி, இந்தியப் பண்பாட்டைப் பிரதிபலிக்கும் குறியீடு விரைவில் இறுதியாகும் என்று அவைக்குத் தெரிவித்தார். ஜூலை 15-இல் அமைச்சரவை உதயகுமாரின் வடிவத்தை ஏற்றது. பரிசு இரண்டரை லட்சம் ரூபாய்.

தேவநாகரி 'ர'வையும், செங்குத்துக் கோடு நீங்கிய ரோமன் 'ஆர்' எழுத்தையும் ஒன்றில் இணைத்தது அவ்வடிவம். மேலே உள்ள இரு கிடைக்கோடுகளும் இடையேயுள்ள வெண்ணிறமும் மூவர்ணக் கொடியை நினைவூட்டுவன என்றும், அக்கோடுகள் சமன்பாட்டுக் குறியையும் சுட்டுவன என்றும் அவர் விளக்கினார். வெற்றிடத்தையும் கட்டுமானத்தின் பகுதியாகக் கருதும் கட்டடக் கலை மாணவரின் பார்வை இதில் வெளிப்படுகிறது.

ஆனால் மேற்கோடு தேவநாகரியின் அடையாளம். தமிழ் எழுத்துக்கு அது இல்லை. பல ஆண்டுகள் தமிழ் எழுத்தோடு உழன்ற ஒருவர் தேசியக் குறியீட்டுக்குத் தேவநாகரியை நாடியது ஏன் என்ற கேள்வி தமிழர்களுக்கு எழுவது இயல்பே. நாடு முழுவதற்கும் பொதுவான வடிவத்தில் எந்த எழுத்து இடம்பெறுகிறது, எது விடுபடுகிறது என்பது மாணவரின் வரைபலகையில் மட்டும் தீர்மானமாவதில்லை. போட்டியை அறிவித்த அரசும் தேர்வு செய்த குழுவும் அதற்குப் பொறுப்பேற்க வேண்டியவை.

அரசின் உடைமை

தேர்வான வடிவத்தின் உரிமை அரசுக்கே என்பது போட்டியின் விதி. 2010 அக்டோபரில் உலக ஒருங்குறித் தரத்தில் குறியீடு சேர்க்கப்பட்டது. 2011-இல் நாணயங்களில் பொறிக்கப்பட்டது. இன்று தாராவி கடைகளின் விலைச்சீட்டிலும் அதுவே உள்ளது.

அமைச்சரவை முடிவு வந்த நாள்களில் உதயகுமார் குவாஹாட்டி ஐஐடி-யில் ஆசிரியப் பணியேற்கச் சென்றுகொண்டிருந்தார். 2025 சர்ச்சையின்போது செய்தியாளர்கள் அவரை அணுகினர். தந்தையின் கட்சிக்கும் இதற்கும் தொடர்பில்லை, அது தற்செயலே என்றார். மாற்றம் தேவையென மாநில அரசு கருதினால் அது முற்றிலும் அரசின் விருப்பம் என்பதற்கு மேல் அவர் வாதிடவில்லை.