மயக்க ஊசிக்கு முன் நீட்டப்படும் இரண்டாவது தாள்

கை எலும்பு முறிந்தவர் ஸ்ட்ரெச்சரில் படுத்திருக்கிறார். ஒரு கையில் மாவுக்கட்டு, மறு கையில் டிரிப்ஸ். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் அவர் பெருவிரலை மை அட்டையில் அழுத்தி, இரண்டு தாள்களில் உருட்டி எடுக்கிறார்கள். முதலாவது அறுவை சிகிச்சைக்கான சம்மதம். இரண்டாவது, மருத்துவ ஆய்வில் சேர்வதற்கான சம்மதம். இரண்டும் ஒன்றுதான் என்று நோயாளியும் நினைக்கிறார், உடன் வந்தவர்களும் நினைக்கிறார்கள். விளக்க வேண்டியவர்களும் விளக்குவதில்லை.

மயக்கவியல் முதுநிலை மாணவர்கள் ஆய்வேடு எழுதியாக வேண்டும். கையை மரத்துப்போக வைக்கும் நரம்புத் தடுப்பு ஊசியில் புபிவகெய்னுடன் டெக்சாமெதசோன் சேர்த்தால் வலி தெரியாமல் நெடுநேரம் இருக்குமா, டெக்ஸ்மெடிடொமிடின் சேர்த்தால் இருக்குமா என்று ஒப்பிடுவார்கள். பயனுள்ள ஆய்வுதான். ஆனால் காறை எலும்புக்கு மேல் போடும் ஊசி நுரையீரல் உறையைத் துளைத்துவிடலாம். மரப்பு மருந்து ரத்தக் குழாயில் இறங்கினால் வலிப்பு வரலாம். டெக்ஸ்மெடிடொமிடின் நாடித்துடிப்பைக் குறைக்கலாம். கையெழுத்துக்கு முன்பே நோயாளிக்கு இவற்றைச் சொல்லியாக வேண்டும்.

மிடாசொலம் போன்ற ஊசி போட்டபின் சொன்னது மனதில் தங்காது. அந்த நிலையில் வாங்கும் கைநாட்டு சம்மதமே அல்ல. படிக்கத் தெரியாதவருக்கு, ஆய்வில் சம்பந்தப்படாத ஒருவர் சாட்சியாக இருக்க வேண்டும். அதே துறையின் மாணவர் சாட்சியாக முடியாது.

ஆய்வைத் தொடங்கும் முன் பெற வேண்டிய நெறிமுறைக் குழுவின் அனுமதியும் வெறும் சடங்கல்ல. அமெரிக்க மயக்கவியல் நிபுணர் ஸ்காட் ரூபனின் இரண்டு ஆய்வுகளுக்கு அந்த அனுமதி இல்லை என்று 2008இல் வழக்கமான தணிக்கையில் தெரிந்தது. தோண்டிப் பார்த்தபோது, வலி நிவாரணம் பற்றிய 21 கட்டுரைகளில் இட்டுக்கட்டிய தரவுகள் இருந்தன. 2010இல் அவருக்குச் சிறைத் தண்டனை கிடைத்தது.

செய்ய வேண்டியவை இவை. ‘இது சிகிச்சைக்கா, ஆய்வுக்கா?’ என்று முந்தைய நாளே கேளுங்கள். நோயாளி தகவல் தாளின் நகலையும் கையெழுத்திட்ட ஒப்புதல் படிவத்தின் நகலையும் வாங்குங்கள். 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் தரும் உரிமை இது. ஆய்வாளர், நெறிமுறைக் குழு ஆகியோரின் தொடர்பு எண்கள் அந்தத் தாள்களில் இருக்கின்றனவா என்று பாருங்கள். இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் (சி.டி.ஆர்.ஐ.) ஆய்வு பெற்ற பதிவு எண்ணையும் கேளுங்கள். அந்தத் தேசியப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். ஆய்வில் சேர மறுத்தாலும், பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையைக் குறைக்கக் கூடாது.

மரப்பு மாறவில்லை, மூச்சுத் திணறுகிறது என்றால் உடனே ஆய்வாளரிடம் சொல்லுங்கள். கையோடு சிகிச்சைப் பதிவேடுகளைக் கேட்டு எழுதிக் கொடுங்கள். அவற்றை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். விதிகளின்படி நடக்கும் மருந்துச் சோதனையில் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சைக்கும், ஆய்வே காரணமென்று உறுதியானால் இழப்பீட்டுக்கும் உரிமை உண்டு. ஆய்வேட்டு ஆய்வுகளிலும் நிறுவனம் உதவ வேண்டும் என்கின்றன இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 நெறிமுறைகள்.

புகார் என்றால் முதல் மனு நெறிமுறைக் குழுவின் உறுப்பினர் செயலருக்கு. பதில் இல்லையா? மருந்து நிறுவனத்தின் சோதனை என்றால் புதுடெல்லி, கோட்லா சாலை, எஃப்.டி.ஏ. பவனில் உள்ள மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரிக்கு எழுதுங்கள். கல்லூரி ஆய்வு என்றால் மத்திய சுகாதார ஆராய்ச்சித் துறைக்கு. அரசு மருத்துவமனை மழுப்பினால், 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போட்டு, நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடித நகலைக் கேளுங்கள். வாய்மொழிப் புகார் கோப்பில் ஏறாது. எழுதிக் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள்.