பள்ளிப் பதிவேடு

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் இடையே அமைந்த மேலகரம், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் தோன்றிய ஊராகும். அந்நூலில் குறி சொல்ல வந்த குறத்தி, வசந்தவல்லியின் கையை வலிந்து பற்றினாள் அல்லள். கையைக் காட்டுமாறு வேண்டினாள். தலைவி காட்டிய பின்னரே குறி கூறினாள். பிறருடைய மறைபொருளை அறியப் புகுவோர் முதலில் அவர்தம் இசைவைப் பெறுதல் வேண்டும் என்னும் பண்பு அங்கே காணப்படுகின்றது.

பள்ளியும் பிள்ளைகளைப் பற்றிப் பலவற்றைக் கேட்டு அறிகின்றது. பிறந்த நாள், பெற்றோர் தொழில், ஆண்டு வருவாய், சாதி, உடற்குறை முதலியவை சேர்க்கைப் பதிவேட்டில் ஏறுகின்றன. முன்பு அப்பதிவேடு தலைமையாசிரியர் அறையின் அலமாரியிற் பூட்டப்பட்டுக் கிடந்தது; இன்று அச்செய்திகள் கணினியிலும் ஏற்றப்படுகின்றன. இவற்றைக் கேட்பது தவறன்று. வருவாய் அறியாமல் உதவித்தொகை வழங்குவது எங்ஙனம்? ஆயின், உதவித்தொகைக்கெனப் பெற்ற செய்தி அதற்கன்றி வேறெதற்கும் பயன்படலாகாது.

வகுப்பு நடுவே ஆசிரியர் ஒருவர், உதவித்தொகை பெறுவோர் எழுந்து நிற்க என்று பெயர்களைப் படிப்பதாகக் கொள்வோம். அவர் தீங்கு கருதினார் அல்லர்; நேரம் மிச்சமாகும் என்றே எண்ணினார். எனினும் எழுந்து நின்ற பிள்ளையின் சாதியும் வறுமையும் நாற்பது பேருக்கு ஒரு நொடியில் வெளியாகிவிட்டன. அறிந்த செய்தியை அறியாததாக்க எவராலும் இயலாது.

இஃது அற்பச் செய்தியன்று. 2023 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், நெல்லை மாவட்டம் நாங்குநேரியில், பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் தம் வீட்டிலேயே வெட்டுண்டனர். வெட்டியோர் உடன் பயின்ற மாணவர். காரணம் சாதிப் பகை. இதன்பின் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 2024 சூன் திங்களில் அக்குழு அளித்த அறிக்கை, வருகைப் பதிவேட்டில் சாதி பற்றிய குறிப்பு இருத்தல் கூடாது என்றும், சாதியைச் சுட்டி மாணவரை அழைத்தல் ஆகாது என்றும் பரிந்துரைத்தது. சான்றிதழில் சாதி, சமயம் குறிக்க விரும்பாதோர் அவ்விடத்தை வெறுமையாக விடலாம் என்று தமிழக அரசு 1973 இலேயே ஆணையிட்டிருந்ததும் ஈண்டு நினைவுகூரத்தக்கது. பெற்றோருள் பலர் அவ்வாணையை அறியார்.

சட்டமும் இதற்குத் துணை நிற்கின்றது. அந்தரங்கம் அடிப்படை உரிமையே என உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டு 24 ஆம் நாள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். ஆதார் எண் இன்மையால் பள்ளிச் சேர்க்கை மறுக்கப்படலாகாது என்பது 2018 ஆம் ஆண்டுத் தீர்ப்பு. 2023 இல் இயற்றப்பெற்ற தரவுப் பாதுகாப்புச் சட்டம் பதினெட்டு வயது நிரம்பாதோரைச் சிறுவராகக் கொண்டு, அவர்தம் செய்திகளைக் கையாளப் பெற்றோர் இசைவை வேண்டுகின்றது.

மதிப்பெண்ணும் மாணவனுக்கு உரிய செய்தியே. பொதுத்தேர்வில் மாநில முதலிடம் பெற்றோரை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழக அரசு 2017 இல் கைவிட்டது. தேர்வு முடிவைக் கணினியிற் காணப் பதிவெண்ணோடு பிறந்த நாளையும் இடவேண்டும். ஆதலின் நுழைவுச் சீட்டை நண்பரிடம் விளையாட்டாகக் கொடுத்து வைக்கும் மாணவன், தன் மதிப்பெண்ணைத் தான் பார்க்குமுன் அவர் பார்த்துவிட்டார் என்று பின்னர் வருந்துவதிற் பயனில்லை.