பல் நகரும்போது ஏன் வலிக்கிறது?

பல்லுக்குக் கம்பி போட்டதும் பெரிதாக ஒன்றும் தெரியாது. இறுக்கிப் பிடித்ததுபோல் ஓர் உணர்வு மட்டும் இருக்கும். சில மணித்தியாலங்களில் வலி தொடங்கும். மறுநாள் உச்சத்துக்குப் போகும். சோற்றைக்கூட மெல்ல முடியாது. பெரும்பாலானவர்களுக்கு ஒரு கிழமைக்குள் அடங்கிவிடும்.

நான் கம்பி போட்டது 34 வயதில். 1995இல் வலிகாமத்தை விட்டு எல்லோரும் வெளியேறியபோது எனக்கு ஏழு வயது. ஆறு வயதில் தொடங்கிப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுவரைதான் பால்பற்கள் விழுந்து நிரந்தரப் பற்கள் முளைக்கும். எங்களுக்கு அந்த வயது இடம்பெயர்ந்த வீடுகளில் போனது. பல் எந்தப் பக்கம் பார்த்து முளைக்கிறது என்று கவனிக்க அப்போது யாருக்கு நேரமிருந்தது? உழைக்கத் தொடங்கியபின், மிச்சம் பிடித்த காசில் கம்பி போடுகிறவர்கள் எங்கள் தலைமுறையில் இருக்கிறார்கள். அவர்களில் இருவர் மூன்றாம் நாளே கழற்றச் சொல்லிப் போனதை அறிவேன். "உள்ளுக்குள்ள ஏதோ உடைஞ்சு போச்சுது எண்டு பயந்திட்டன்" என்றார் ஒருவர்.

ஒன்றும் உடைவதில்லை. பல் எலும்பில் நேரடியாக ஒட்டியிருப்பதில்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் நார்களாலான ஒரு படலம் இருக்கிறது. தடிப்பு ஏறக்குறைய 0.2 மில்லிமீற்றர்தான், ஆனால் இரத்தக் குழாய்களும் நரம்பு முனைகளும் அதற்குள் நிறைந்திருக்கின்றன. கம்பி பல்லைத் தள்ளும்போது படலம் ஒரு பக்கம் நசுங்குகிறது, மறுபக்கம் இழுபடுகிறது. நசுங்கிய பக்கத்தில் இரத்த ஓட்டம் குறைந்து, கலங்களுக்கு ஒட்சிசன் போதாமல் போகிறது. அங்கே அழற்சி உண்டாகி, புரொஸ்டாகிளாண்டின் போன்ற இரசாயனங்கள் சுரக்கின்றன. அவை நரம்பு முனைகளின் உணர்திறனைக் கூட்டிவிடும். வழமையில் பொருட்டாகத் தெரியாத அழுத்தமும் அப்போது வலியாகவே மூளைக்குப் போகும். நரம்பு முனைகளும் தம் பங்குக்குச் சில பதார்த்தங்களை விட்டு அழற்சியை வளர்க்கின்றன. இவை எல்லாம் திரள நேரம் எடுக்கும். பகலில் கம்பி போட்டவருக்கு இரவில் வலிப்பது அதனால்தான்.

அதே புரொஸ்டாகிளாண்டின்தான் பல்லை நகர்த்தும் வேலைக்கும் தேவைப்படுகிறது. அதன் தூண்டுதலில், நசுங்கிய பக்கத்து எலும்பைச் சில கலங்கள் கரைக்கின்றன. இழுபட்ட பக்கத்தில் வேறு கலங்கள் புது எலும்பைப் போடுகின்றன. மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் என்று பல் இடம் மாறும்.

"கலியாணத்துக்கு முன்னம் முடிக்கோணும், கொஞ்சம் கூட இறுக்கிவிடுங்கோ டொக்டர்" என்று கேட்கிறவர்கள் உண்டு. அது பலிக்காது. 1900களின் தொடக்கத்திலேயே சுவீடனைச் சேர்ந்த கார்ல் சாண்ட்ஸ்டெட் நாய்களில் செய்த ஆய்வில் இதைக் கண்டார். அழுத்தம் மிகுந்த இடத்தில் படலம் கலங்களை இழந்து கண்ணாடிபோல் ஆகிவிடுகிறது. அந்தப் பகுதி அகற்றப்படும்வரை பல் நின்ற இடத்திலேயே நிற்கும். அதற்கு வாரக்கணக்கில் ஆகலாம்.

மருந்திலும் இந்தச் சிக்கல் இருக்கிறது. இபுபுரோஃபன் போன்ற மாத்திரைகள் புரொஸ்டாகிளாண்டின் உருவாவதையே தடுக்கின்றன. ஓரிரு நாள் எடுப்பதால் பெரிய பாதிப்பு வராது. நாட்கணக்கில் தொடர்ந்தால் பல் நகர்வது மந்தமாகலாம் என்பதால் பல வைத்தியர்கள் பரசிற்றமோலையே, நாங்கள் பனடோல் என்கிறோமே அதையே, முதலில் சொல்கிறார்கள். இன்னொன்று: காய்ச்சலும் இருந்து, டெங்கு என்ற சந்தேகம் வந்தால் இபுபுரோஃபனைத் தொடவே கூடாது. சீனியில்லாத சுவிங்கம் மெல்வதும் வலியைக் குறைப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. கம்பியில் ஒட்டுமா என்று உங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு மெல்லுங்கள்.

எனக்குப் பிடித்த ஆய்வு வேறொன்று. கம்பி போட்டபின் சிலருக்குத் தொலைபேசி எடுத்துக் கதைத்திருக்கிறார்கள். அழைப்பு வந்தவர்கள் குறைவான வலியையும் பதற்றத்தையுமே சொன்னார்கள். ஆறுதலும் அறிவுரையும் சொன்ன அழைப்பா, வந்ததற்கு வெறும் நன்றி சொன்ன அழைப்பா என்பதில் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. பதற்றம் கூடினால் வலியும் கூடத் தெரியும். எங்கள் ஆட்களுக்குப் பழகிய வழி பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது. இந்த வலிக்கு அதுவும் சரிவராது!

எல்லா வலியும் இந்தக் கணக்கில் வராது. பத்து நாள் கடந்தும் குறையாத வலி, முரசில் சீழ், முகத்தில் வீக்கம், கன்னத்தில் குத்தும் கம்பி நுனி, இவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த மாதத் திகதிவரை காத்திருக்காமல் வைத்தியரிடம் போங்கள்.