ஒரு கிராம் கூடினால் என்ன ஆகும்? பழைய ராணுவ ரைஃபிளும் சுவீடனின் மூஸ் வேட்டையும்

இலையுதிர் காலம் வந்துவிட்டால் சுவீடனின் காட்டோர ஊர்களில் பேச்செல்லாம் மூஸ் வேட்டை பற்றித்தான். மான் குடும்பத்திலேயே மிகப் பெரியது மூஸ். நம்ம ஊர் கடமானே பெரிசு என்று நினைப்போம். வளர்ந்த ஆண் மூஸ் 400, 500 கிலோவைத் தொடும். இதைச் சுட அங்கே பலர் இன்றும் பயன்படுத்துவது, 1894-ல் ராணுவத்துக்கு வந்த 6.5×55 மி.மீ. ரகத் தோட்டாவை. அதன் முனையில் இருக்கும் குண்டு, பென்சிலைவிடக் கொஞ்சம் மெலிசு.

இத்துனூண்டு குண்டு போதுமா? போதும். ஆனால் கனமாக இருக்கணும்.

சட்டம் போடும் கணக்கு

மூஸ் போன்ற பெரிய விலங்குகளைச் சுட, சுவீடனில் ‘முதல் வகுப்பு’ தோட்டாதான் பயன்படுத்த வேண்டும். அதற்கு இரண்டு வழிகள் உண்டு. குண்டின் எடை 9 கிராம் என்றால், 100 மீட்டர் தொலைவில் அதன் ஆற்றல் 2,700 ஜூலுக்குக் குறையக் கூடாது. எடை 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால், 2,000 ஜூல் இருந்தாலே போதும்.

இதை வேகமாக மாற்றிப் பாருங்கள். பள்ளியில் படித்த அதே சூத்திரம்தான்: எடையில் பாதி பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 9 கிராம் குண்டு 100 மீட்டரைத் தாண்டும்போது விநாடிக்கு சுமார் 775 மீட்டர் வேகத்தில் போயாக வேண்டும். 10 கிராம் குண்டுக்கு 632 மீட்டர் போதும். ஒரே ஒரு கிராம் கூடியதும் 140 மீட்டருக்கு மேல் சலுகை!

பழைய மவுசர் ரைஃபிள் வைத்திருப்பவருக்கு இந்தச் சலுகைதான் உயிர்நாடி. 775-ஐ எட்ட வேண்டுமானால் மருந்தின் அழுத்தத்தை ஏற்ற வேண்டும். ஆனால் சுவீடனின் மவுசரில், பின்னால் வந்த 1898 மாடலில் இருப்பதுபோல மூன்றாவது பாதுகாப்புப் பிடி கிடையாது. நூறு வயசு தாண்டிய இரும்பை முகத்துக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு யாராவது அப்படிச் சோதனை செய்வார்களா? அதனால்தான் 10.1 கிராம் குண்டு அங்கே இவ்வளவு பிரபலம். சொல்லப்போனால், ராணுவம் முதலில் போட்டதும் அதே எடையில் முனை மழுங்கிய குண்டைத்தான். குழலுக்குள் இருக்கும் புரி சுமார் 20 சென்டிமீட்டருக்கு ஒரு சுற்று என்று நெருக்கமாக வெட்டப்பட்டிருப்பதும், அந்த நீளமான குண்டு தடுமாறாமல் சுழன்று போகத்தான்.

குத்தூசி மாதிரி

சட்டத்தை விடுங்கள், மூஸின் உடம்புக்குள் என்ன நடக்கிறது? பருமன் மாறாமல் எடை கூடினால் குண்டு நீளமாகும். மெலிசாக, நீளமாக, கனமாக இருக்கும் பொருள் ஆழமாக இறங்கும். அரிசி மூட்டையில் குத்தூசி இறங்குவதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். தோள் எலும்பைத் தாண்டி நுரையீரலையும் இதயத்தையும் எட்டினால்தான் விலங்கு சீக்கிரம் விழும். பாதியில் நின்றால் காயத்தோடு காட்டுக்குள் ஓடிவிடும். வேகமான லேசான குண்டு எலும்பில் பட்டதும் சிதறிப்போகும் ஆபத்தும் அதிகம்.

ஆழம் மட்டும் இருந்தாலும் பயனில்லை. ராணுவக் குண்டு முழுக்க உலோக உறை போட்டது. சின்ன ஓட்டை போட்டுவிட்டு மறுபக்கம் போய்விடும். அதனால் இந்த வேட்டைக்கு முனை விரியும் குண்டு கட்டாயம். வேடிக்கை என்னவென்றால், போரில் விரியும் குண்டைத் தடுத்தது 1899-ம் ஆண்டு ஹேக் பிரகடனம். அந்த ரகத்துக்கு ‘டம்டம்’ என்ற பெயர் வந்தது கொல்கத்தா பக்கத்து டம்டம் ஆயுதச் சாலையால். மனிதன் மேல் கூடாது என்ற அதே குண்டு, மூஸுக்கு வலி நீளாமல் இருக்கட்டும் என்று கட்டாயம்!

அப்போ குறையே இல்லையா?

இருக்கிறது. கனமான குண்டு மெதுவாகப் போவதால், தூரம் கூடக் கூட வேகமாகக் கீழே இறங்கும். திறந்த வெளியில் 250, 300 மீட்டரில் சுடுபவருக்கு இது தலைவலி. அடர்ந்த காட்டில், நாய் விரட்டிவரும் மூஸை 100 மீட்டருக்குள் சுடுபவருக்குப் பெரிதாகத் தெரியாது. கார்பைன் எனப்படும் குட்டை ரைஃபிளின் குழல் 45 சென்டிமீட்டர்தான். அதில் வேகம் இன்னும் குறையும் என்பதால் தோட்டா உறையில் அச்சிட்ட கணக்கை அப்படியே நம்ப முடியாது.

இன்னொரு சிக்கல், குண்டைப் பற்றியதே இல்லை. 1896 மாடல் ரைஃபிளின் குறிபார்க்கும் அளவுகோல் 300 மீட்டரில்தான் தொடங்குகிறது. சிப்பாய்க்கு அது சரி. 80 மீட்டரில் நிற்கும் மூஸைப் பார்த்து அப்படியே சுட்டால், எவ்வளவு கனமான குண்டாக இருந்தாலும் குறிக்கு மேலேதான் போகும். முன்பக்கக் குறியை உயரமானதாக மாற்றிவிட்டு, வேட்டைக்குப் போடப்போகும் அதே தோட்டாவால் சுட்டுப் பார்த்துச் சரிசெய்துகொள்ள வேண்டும்.