கையடக்க வன்தட்டும் குடும்பப் பத்திரங்களும்

சில திங்களுக்கு முன் கல்லாற்றில் நாம் நேரிற் கண்ட நிகழ்ச்சி இது. பொன்முடி மலைத் தேயிலைத் தோட்டத்தில் மூன்று தலைமுறையாக உழைத்த தமிழ்க் குடும்பம் ஒன்று. பெங்களூரில் பணிபுரியும் மகன், பாட்டனாரின் பழைய கூலிச் சீட்டுகளையும் தோட்டப் பதிவேட்டின் நகலையும் படமெடுத்து, கையடக்க வன்தட்டு ஒன்றில் இட்டு ஊருக்கு அனுப்பியிருந்தான். தந்தையார் அதனைக் கணினிக் கடையொன்றிற்கு எடுத்துச் சென்றார். நாமும் உடன் சென்றோம். தட்டைப் பொருத்தியதும், 'இதைப் பயன்படுத்துமுன் பார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா?' என்று திரை வினவிற்று. கடைப்பையன் சிறிதும் தயங்காது 'ஆம்' என்பதை அழுத்தப் போனான். நல்வேளையாக நாம் அவன் கையைப் பற்றிக்கொண்டோம்.

அத்தாள்களின் அருமை நம்மவர்க்குத் தெரியும். பட்டியல் சாதிச் சான்றிதழ் வேண்டுவோர், 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்னரே தம் முன்னோர் இங்கு வாழ்ந்தனர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டியுள்ளது. இச்சான்று இல்லாமையால் கல்விச் சலுகையை இழந்த தோட்டத் தொழிலாளர் பிள்ளைகள் பலர். அந்த வீட்டிலோ, அசல் தாள்களுள் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. எஞ்சியது தட்டில் இருந்த படமே.

தட்டு வெறுமையாக இருக்கவில்லை. அது மேக் கணினிக்கே உரிய முறையில் பார்மட் செய்யப்பட்டிருந்தது. கடையிலிருந்ததோ விண்டோஸ். தனக்குப் படிக்கத் தெரியாத தட்டைக் கண்டால், அதைப் புதிதாக வகுத்துக்கொள்ள அது உத்தரவு கேட்கும். கேள்வியின் பணிவைக் கண்டு ஏமாறலாகாது.

இரயில்வேயில் இருப்போர்க்கு இது எளிதில் விளங்கும். நம் முன்னோர் பலர் மலை கடந்து வந்த கொல்லம்–செங்கோட்டைப் பாதை 1904-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது. 1976-இல் கொல்லம் வழியே செல்லும் திருவனந்தபுரம்–எர்ணாகுளம் பாதை அகலப் பாதையாயிற்று. அதன்பின் கொல்லத்தில் ஒரு வண்டியின் சரக்கை இறக்கி மற்றொன்றில் ஏற்ற வேண்டியிருந்தது. செங்கோட்டை வரை அகலப் பாதை முழுமையாகத் திறந்தது 2018-இல்தான். வன்தட்டிற்கும் இத்தகைய பாதை அளவு உண்டு. அதனையே பார்மட் என்கிறோம்.

கேரளத்தில் வாழும் நமக்கு இத்தொல்லை சற்று மிகுதி. அரசுப் பள்ளிகளில் 'கைட்' நிறுவனத்தின் லினக்ஸ், கடைகளில் விண்டோஸ், வெளியூர்ப் பிள்ளைகள் சிலரிடம் மேக். (பள்ளிகளின் லினக்ஸை நாம் குறை கூறவில்லை, விலையின்றிக் கிடைக்கும் நன்மருந்து அது.) மூன்றிலும் செல்லக்கூடியது எக்ஸ்ஃபேட் எனும் முறை. 2006-இல் வந்த இதனை விண்டோஸும் மேக்கும் படிக்கும், எழுதும். லினக்ஸின் கருவில் இது 2019-இல் சேர்ந்தது. மிகப் பழைய லினக்ஸ் கணினியாயின் முன்கூட்டியே சோதித்தல் நலம். ஃபேட்32 எனும் பழைய முறை எங்கும் செல்லுமாயினும், 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஒரே கோப்பை ஏற்காது; திருமண வீடியோ அங்கேதான் நின்றுவிடும். என்.டி.எஃப்.எஸ். தட்டை மேக் படிக்கும், தானாக எழுதாது.

ஆதலின் தட்டு வாங்கிய அன்றே, அது வெறுமையாக இருக்கையில், எக்ஸ்ஃபேட்டாகப் பார்மட் செய்க. விண்டோஸில் தட்டின் மீது வலப்பொத்தானை அழுத்தினால் அவ்வாய்ப்பு வரும். மேக்கில் 'டிஸ்க் யுடிலிடி'யில் உண்டு. கோப்புகள் புகுந்த பின்னர் பார்மட் செய்தால் அவை போய்விடும்.

எக்ஸ்ஃபேட்டிற்கு ஒரு குறை உண்டு. எழுதுவதைக் குறித்துவைக்கும் நாட்குறிப்பு அதனிடம் இல்லை. எழுதிக்கொண்டிருக்கையில் வடத்தைப் பிடுங்கினால், கோப்பு மட்டுமன்றி, எது எங்குள்ளது எனும் அட்டவணையே சிதையலாம். 'பாதுகாப்பாக வெளியேற்று' என்பதை அழுத்தி, விடை வந்தபின்னரே கழற்றுக. கணினி 'முடிந்தது' என்று காட்டும்போதும் சிறு பகுதி அதன் நினைவகத்தில் காத்திருக்கக்கூடும். தட்டு 'டிக் டிக்' என ஒலித்தால் மின்சாரம் போதவில்லை என்றும் கொள்ளலாம். மேசைக் கணினியின் முன்புறத் துளையை விட்டுப் பின்புறத் துளையில் பொருத்திப் பார்க்க வேண்டும். அப்போதும் ஒலி நிற்கவில்லையேல், மேற்கொண்டு சோதியாது, உள்ளதை உடனே வேறிடத்திற்குப் பிரதியெடுப்பதே தக்கது. சுழலும் தட்டை ஓடும்போது அசைத்தலும் கூடாது. கல்லாற்றிலிருந்து பொன்முடிக்கு ஏறும் 22 கொண்டை ஊசி வளைவுகளில், பேருந்தில் மடிக்கணினியோடு இணைத்தபடியே கொண்டுசென்ற ஓர் அன்பரை நாம் அறிவோம்!

கல்லாற்றுக் குடும்பத்தின் மகன் விடுமுறைக்கு வந்தபோது, தன் மேக்கிலிருந்தே புதிய எக்ஸ்ஃபேட் தட்டுகள் இரண்டில் யாவற்றையும் பிரதியெடுத்தான். ஒன்று கல்லாற்றில் தகரப் பெட்டியில் இருக்கிறது. மற்றொன்று தென்காசியில் அத்தை வீட்டில். கரையான் விட்டுவைத்த தாள்களையும் உறையிலிட்டுத் தனியே வைத்துள்ளனர். அலுவலகத்தில் முதலில் கேட்பது அசலைத்தான்.